அக்காவை நடக்கவிட்டுப் பார்த்த நாள்

உங்களுக்கும் ஏறக்குறைய என் வயதுதான் என்றால் அந்த வேன்களை மறந்திருக்கமாட்டீர்கள். முன்கண்ணாடியின் மேல்பக்கத்தில் பச்சை ஸ்டிக்கர், அதற்குக் கீழே பிளாஸ்டிக் மாலை போட்ட முருகன், உட்கார்ந்தால் தொடையில் ஒட்டிக்கொள்ளும் சிவப்பு ரெக்சீன் சீட்டு. கேசட் சிக்கிக்கொண்டால் டிரைவர் காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்துச் சுற்றுவார். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்த தொண்ணூறுகளில் தோட்டத்துக்குள் ஒரு வேன் ஏறி வந்தால் ஒன்று கல்யாணம், இல்லையென்றால் ஆஸ்பத்திரி. சும்மா ஊர் சுற்றிப் பார்க்க என்று எங்கள் வாசலுக்கு வேன் வந்தது ஒரே ஒரு முறைதான். அது எதற்காக வந்தது என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரியாததால் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

அப்பா இலங்கை மலைநாட்டில், கொட்டகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆபீஸ் கிளாக்கர். தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு மேலே சரிவில் தனியாக நின்ற தகரக் கூரை வீடு எங்களுடையது. தோட்டத்து ஆட்கள் அப்பாவைப் பார்த்தால் தலையில் கட்டிய துண்டை அவிழ்ப்பார்கள். அந்தத் துண்டு அவிழ்வதில்தான் அப்பாவின் உயிர் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

அக்காவுக்கும் எனக்கும் நிறைய வயது வித்தியாசம். இடையில் பிறந்தவை தங்கவில்லை. எனக்குத் தலை பின்னிவிட்டது, சோறு ஊட்டியது, சிலேட்டில் கைபிடித்து எழுதவைத்தது எல்லாம் அக்காதான். ஆறு வயதில் தேயிலைக்குள் மழைநீர் ஓடும் கானைத் தாண்டப்போய் விழுந்து அவளுக்குத் தொடை எலும்பு முறிந்ததாம். நாட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. இடது கால் ஒரு விரல் அளவு குட்டை. நடக்கும்போது இடது தோள் லேசாக இறங்கி ஏறும். எனக்கு அது குறையாகவே தெரியாது. அதுதான் அக்காவின் நடை. பனிமூட்டத்தில் முகம் தெரியாத காலைகளிலும் அந்தத் தோளை வைத்து அவள் வருவதைக் கண்டுகொண்டு ஓடுவேன்.

கண்டி ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், ஆபரேஷன் செய்து சரிப்படுத்தலாம், கொண்டுவந்து படுக்கவையுங்கள் என்று சொல்லியிருந்தார். அப்பா மறுத்துவிட்டார்.

"ஆஸ்பத்திரியில படுத்தா ஊருக்கே தெரிஞ்சிரும். அப்புறம் எவன் கட்டுவான்? மொதல்ல கல்யாணம் முடியட்டும். மத்ததெல்லாம் பொறகு பாத்துக்கலாம்."

அப்படியே வருடங்கள் போயின. அக்காவுக்கு இருபது தாண்டியது.

தரகர் மாமா என்று நாங்கள் கூப்பிடும் ஒருவர் தலவாக்கலையிலிருந்து ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். கடைவீதியில் பலசரக்குக் கடை. தகப்பன் இல்லை. ஒரே பையன், எல்லாம் அம்மாதான். அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்த்ததுமே அவர்களுக்குப் பிடித்துவிட்டதாம். காலைப் பற்றி அப்பா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தரகரும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் அவர் அந்தம்மா சொன்னதாக ஒரு செய்தியோடு வந்தார்.

"நாலு பேரு கூடத்துல உக்காந்து பொண்ண பொம்ம மாதிரி நிக்க வெச்சுப் பாக்குறதெல்லாம் அந்தம்மாவுக்குப் புடிக்காதாங்க. எல்லாருமா ஒரு டிரிப் போவோம், வோட்டர்போல் பாப்போம், புள்ளைங்க ரெண்டும் பேசிப் பழகட்டும்னு சொல்றாங்க. வேன் செலவும் அவங்களோடது."

அப்பா அதைப் போகிற இடமெல்லாம் சொன்னார். படித்த குடும்பம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார். அம்மா மட்டும் கேட்டாள்: "வோட்டர்போல்னா அருவி வரைக்கும் மலை ஏறி எறங்கணுமேங்க?"

"ஏறட்டும். அதுக்கு வழி பண்ணிக்கலாம்."

வழி என்றால் சப்பாத்து, பாதத்தை முழுக்க மூடும் ஷூ. பக்கத்து டவுனான அட்டனில் செய்தால் பேச்சு வரும் என்று அப்பா அக்காவை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போய் ஒரு கறுப்புச் சப்பாத்து தைத்துக்கொண்டு வந்தார். இடது சப்பாத்துக்குள் மட்டும் அடுக்கடுக்காகத் தோல் வெட்டி ஒட்டியிருந்தது. வெளியே பார்த்தால் தெரியாது. அந்தச் சித்திரை லீவில் தினமும் அம்மா அக்காவை அடுப்படியிலிருந்து முன்வாசல் வரை நடக்கவைத்தாள். "தோள எறக்காத. மூச்சப் புடிச்சுக்க. இன்னொருக்கா." நானும் பின்னாலேயே இன்னொரு ராணி மாதிரி நடந்துவந்தேன். அக்கா சிரித்துவிடுவாள். அம்மா சிரிக்கவேயில்லை. நாலைந்து நாளில் அக்கா நேராக நடந்தாள். பார்த்தால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் நடந்து முடித்ததும் கட்டிலில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வாள்.

வேன் வந்த காலையில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அம்மா விடியுமுன்பே எழுந்து புளிச்சோறு கிண்டி, முட்டை அவித்து, தன் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் அடுக்குக் கேரியரில் வைத்துக் கட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா மெலிந்த உடம்பு, தங்க விளிம்புக் கண்ணாடி, சேலைக்கு மேல் சாம்பல் நிற ஸ்வெட்டர். இறங்கியதும் நேராக வந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"படத்துல இருக்கிறதவிட நேர்ல அழகா இருக்கியே கண்ணு."

மாப்பிள்ளை என் அப்பாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். என்னை முன்சீட்டில் தூக்கி உட்காரவைத்து, கேசட் பெட்டியை மடியில் கொடுத்து, "இன்னைக்கு நீங்கதான் பாட்டு மாஸ்டர்" என்றார். அந்த நிமிடமே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

சித்திரை மாதத்து வானிலை உங்களுக்குத் தெரியும். தலவாக்கலையில் வெயிலும் மழையும் ஒன்றாக அடித்தது. தேயிலை மலை ஒரு பக்கம் மின்னியது, மறுபக்கம் இருண்டிருந்தது. நானுஓயா ஏற்றத்தில் மூட்டம் இறங்கி, டிரைவர் பகலிலேயே விளக்கைப் போட்டார். நுவரெலியாவுக்குள் நுழையும் இடத்தில் ஆமிக்காரர்கள் வேனை நிறுத்தினார்கள். சண்டை நடந்த அந்தக் காலத்தில் அது வழக்கம். எல்லோரும் அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி, வரிசையாக நடந்து அந்தப் பக்கம் போக வேண்டும். வேன் தனியாக வரும். ஒரு சிப்பாய் அப்பாவிடம் சிங்களத்தில் ஏதோ அதட்டிக் கேட்டான். எங்கள் தோட்டத்தையே அதட்டுகிற அப்பா கைகட்டி பதில் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்க்கவில்லை. முன்னால் நடக்கும் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சப்பாத்துப் போட்ட காலோடு நூல் பிடித்த மாதிரி நடந்தாள். வேனில் மறுபடி ஏறியபோது அப்பா அம்மாவின் முழங்கையை மெல்ல இடித்தார். அம்மா மடியில் முடிந்திருந்த திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டாள்.

நுவரெலியாவைத் தாண்டிக் கணவாயில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் குளிர் விட்டுப்போகும். வளைவுக்கு வளைவு அருவி. நான் ஒவ்வொன்றுக்கும் கத்தினேன். டிரைவர் ஒரு தேயிலைத் தோட்டத்து ரோட்டில் திருப்பி, ஒரு டீக்கடைக்கு முன்னால் நிறுத்தினார். அங்கிருந்து நடந்து ஏற வேண்டும். நாங்கள் இறங்கவும் ஒரு மழை கொட்டித் தீர்த்தது. டீக்கடையின் தார்ப்பாய்க்குக் கீழே ஒட்டி நின்று மீன் அடைத்த மாலுபாண் சாப்பிட்டோம். மழை விட்டதும் சுள்ளென்று வெயில் அடித்தது. தேயிலைச் செடிகளிலிருந்து ஆவி எழும்பியது. பாதை முழுக்கச் சிவப்புச் சேறு.

மாப்பிள்ளையின் அம்மா பாதையைப் பார்த்தார். பிறகு தன் செருப்பைக் கழற்றிக் கடை வாங்குப் பலகைக்கு அடியில் வைத்தார்.

"இந்தச் சேத்துல சப்பாத்து வழுக்கும். எல்லாரும் வெறுங்காலோட நடப்போம். மண்ணுல கால் படுறது ஒடம்புக்கும் நல்லது."

மாப்பிள்ளை கழற்றினார். நான் எப்போதோ கழற்றிவிட்டிருந்தேன். அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். "கழட்டும்மா. அத்தை சொல்றாங்கள்ல."

தரகர் மாமா முழங்கால் வலி என்று கடையிலேயே உட்கார்ந்துகொண்டார். நாங்கள் ஏறத் தொடங்கினோம். அப்பாவும் மாப்பிள்ளையும் முன்னால். பிறகு அம்மா. அக்கா அடுத்துப் போக வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னார். "நீ முன்னாடி போ கண்ணு. நா வயசானவ, மெதுவா பின்னாடி வாறேன்." அவருக்குப் பின்னால் கடைசியாக நான்.

குட்டையான காலை மறைக்க அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். இடது குதிகாலைத் தரையில் வைக்காமல், விரல்களில் மட்டும் ஊன்றி ஏறினாள். அப்படி ஏறினால் தோள் இறங்காது. பின்னாலிருந்து பார்க்க அவள் முதுகு நேராகத்தான் இருந்தது. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா அவள் முதுகைப் பார்க்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ரத்தம் குடிக்கும் அட்டைக்குப் பயந்து அப்படி நடக்கிறார் என்று நினைத்து, நானும் என் காலைப் பார்த்தேன். அப்போதுதான் சேற்றில் பதிந்திருந்த அக்காவின் தடங்களைக் கண்டேன். வலது காலுக்கு ஒரு முழுப் பாதம். இடது காலுக்கு ஐந்து விரல் மட்டும். வழிநெடுக அப்படியே இருந்தது. வேடிக்கையாக இருக்கவே நானும் ஒரு காலை விரலில் ஊன்றி நடந்து பார்த்தேன். கொஞ்ச தூரத்திலேயே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அக்கா அப்படியே மலை முழுக்க ஏறினாள்.

காட்டுக்குள் நுழைந்ததும் பாதை கற்களாக மாறியது. ஒரு பாறையில் அக்காவின் இடது கால் சறுக்கி, முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. அவள் "ஸ்" என்று மட்டும் சொன்னாள். அம்மா திரும்பி, அவளைத் தூக்கிவிடக்கூட வராமல், கண்ணாலேயே அதட்டினாள். அக்கா எழுந்து மறுபடியும் விரலில் ஊன்றிக்கொண்டாள்.

"மெதுவா கண்ணு, மெதுவா" என்றார் பின்னால் வந்தவர். அந்தக் குரலில் அவ்வளவு பாசம்.

அருவி பெரிது. பேசினால் கேட்காத சத்தம். தண்ணீர்த் தூள் காற்றில் பறந்து முகத்தில் ஊசி மாதிரி குத்தியது, வெயில் பட்ட இடத்தில் வானவில் நின்றது. பெரியவர்கள் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்து கேரியரைத் திறந்தார்கள். அக்காவும் மாப்பிள்ளையும் நானும் தண்ணீர் தேங்கும் இடத்தின் ஓரமாகப் போனோம். அங்கே ஒரு பாறை மறைப்பில் சத்தம் கொஞ்சம் அடங்கியிருந்தது. மாப்பிள்ளை அக்காவிடம் கடையைப் பற்றி, புதிதாக வாங்கப்போகும் ஃபிரிட்ஜைப் பற்றி ஏதோ சொன்னார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். வீட்டில் நான் ஏதாவது கோமாளித்தனம் செய்யும்போது வருவது. அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நான் தண்ணீரில் கைவிட்டு விளையாடிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கால் ரொம்ப வலிக்குதா?"

"இல்லையே."

"எறங்கும்போது இன்னுங் கொஞ்சம் பாத்து நடங்க. எங்கம்மா அதத்தான் பாத்துக்கிட்டு வாறாங்க. யாரோ சொல்லிருக்காங்க, பொண்ணு சாஞ்சு நடக்குதுன்னு. அதத் தெரிஞ்சுக்கத்தான் இந்த டிரிப்பே."

அக்கா அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். "ஒங்களுக்கு மொதல்லயே தெரியுமா?"

"ம்."

"தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

"எனக்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்லைங்க. அம்மாதான்..."

"அப்ப அத ஒங்கம்மாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

மாப்பிள்ளை குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துத் தண்ணீரில் எறிந்தார். "அவங்ககிட்ட நா எப்புடிங்க சொல்றது?"

ஒன்பது வயதில் எனக்கு அதில் பாதிதான் புரிந்தது. அக்காவுக்குக் கால் வலிக்குமே என்று அவர் கவலைப்படுகிறார், நல்லவர் என்று நினைத்துக்கொண்டேன். நல்லவர்தான். அவர் கெட்டவராக இருந்திருந்தால் அக்கா அந்த மலையிலிருந்து அப்படி இறங்கியிருக்கமாட்டாள்.

அருவிக்கு மேலே இருந்த வானம் திடீரென்று கறுத்தது. மழை எங்கள் மேல் விழுவதற்கு முன்பே மேலே காட்டில் விழும் இரைச்சல் கேட்டது. பெரியவர்கள் அவசரமாகச் சாமான்களைக் கட்டினார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் இறங்கத் தொடங்கினாள்.

இடது குதிகாலைத் தரையில் வைத்து இறங்கினாள். தோள் இறங்கி ஏறியது. முழங்கால் வலியில் வழக்கத்தைவிட அதிகமாகவே சாய்ந்தாள். மழைத்தண்ணீர் பாதையில் ஓடை மாதிரி ஓடியது. அவள் நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் அம்மா கத்தினாள். "மெதுவாடீ! நேரா! நேரா!" அருவிச் சத்தத்திலும் மழையிலும் அந்த 'நேரா' மட்டும் வந்துகொண்டேயிருந்தது.

டீக்கடைக்கு வந்தபோது எல்லோரும் நனைந்து ஒட்டிப்போயிருந்தோம். மாப்பிள்ளையின் அம்மா எல்லோருக்கும் இஞ்சி போட்ட தேத்தண்ணி வாங்கிக்கொடுத்தார். தன் துவாயை எடுத்து என் தலையைத் துவட்டிவிட்டார். அக்காவின் கன்னத்தில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டு அம்மாவிடம் சொன்னார்.

"ஒங்க மக நல்ல புள்ளைங்க. மொகத்துல அப்புடியொரு லச்சணம். கட்டிக்கப் போறவன் குடுத்து வெச்சவன்."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அது வேறு யாரோ ஒருவனைப் பற்றிய பேச்சு என்று அவளுக்கு உறைக்கவில்லை. வேனில் திரும்பி வரும்போது அப்பாவின் காதில், கார்த்திகையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அப்பா தலையாட்டினார். என்னை இந்த முறை முன்சீட்டில் யாரும் உட்காரவைக்கவில்லை. பாட்டும் போடவில்லை.

நுவரெலியா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வேன் நின்றது. மழை விட்டபாடில்லை.

"நாங்க இப்புடியே கந்தப்பளைப் பக்கம் ஒரு சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டு வரணும்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "ஒங்களயும் இழுத்துக்கிட்டு அலையிறது சரியில்ல. பஸ் கெடைக்கும். விஷயத்த இவர்கிட்ட சொல்லி அனுப்புறோம்."

தரகர் மாமா இறங்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா "ஆமா ஆமா, அதுக்கென்னங்க" என்று இறங்கினார். அம்மா இறங்கினாள். அக்கா சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள்; கால் வீங்கி அதற்குள் போகவில்லை. கதவு சாத்தி வேன் போன பிறகுதான் அம்மாவுக்குக் கேரியர் ஞாபகம் வந்தது. அது திரும்பி வரவேயில்லை. வெகுகாலம் அம்மா அந்தக் கேரியரைச் சொல்லித்தான் அழுவாள். மற்றதைச் சொல்லி அழ அவளுக்கு வாய் வராது.

நுவரெலியாவில் கூட்டம் குவியும் சீசன் காலம், அட்டன் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. நனைந்த சேலைகளும் லீக்ஸ் காய்கறி மூட்டைகளும் ஒன்றாக நாறின. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். சீட்டில் இருந்த ஒரு பெண் அவள் முழங்காலைப் பார்த்துவிட்டு எழும்பப் போனார். "இங்க வந்து உக்காரு தங்கச்சி, கால் இப்புடி வீங்கியிருக்கே!" அம்மா பாய்ந்து மறித்தாள். "அதெல்லாம் ஒன்னுமில்லைங்க. புள்ளைக்கு நிக்கத்தான் புடிக்கும்." பஸ்ஸில் அட்டன் ஆட்கள் இருந்தார்கள். அதனால்தான். அக்கா நின்றுகொண்டே வந்தாள்.

நானுஓயாவைத் தாண்டி ஒரு வளைவில் பின்னாலிருந்து ஹார்ன் அடித்தது. பஸ் ஒதுங்கிக்கொடுத்தது. எங்கள் வேன் எங்களைத் தாண்டிப் போனது. பச்சை ஸ்டிக்கர், பிளாஸ்டிக் மாலை, எல்லாம் அதேதான். முன்சீட்டில் காய்கறிக் கூடைகள் இருந்தன. கந்தப்பளைக்கு இந்தப் பாதையே இல்லை.

"அப்பா, நம்ம வேன்! அந்தா நம்ம வேன் போகுது!" என்று நான் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அப்பா என் வாயைப் பொத்தினார். பொத்திய கை வெகுநேரம் விலகவேயில்லை, மூச்சு முட்டியது. வேன் ஜன்னலில் மாப்பிள்ளை தெரிந்தார். அவர் பஸ்ஸை நிமிர்ந்து பார்த்தார். அக்காவும் பார்த்தாள். பிறகு அவர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து விளக்குப் போட்டதும் அப்பா ஆரம்பித்தார். அவர் கத்தவில்லை. தோட்டத்து ஆபீஸில் ஆட்களை விசாரிக்கும் குரலில் கேட்டார்.

"ஏறும்போது நல்லாத்தானே ஏறுன?"

அக்கா சப்பாத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"எறங்கும்போது ஏன் கால இழுத்த? இத்தன நாள் நடந்து பழகுனது எதுக்கு? அந்த ஒரு எறக்கம் பொறுக்க முடியலயா ஒனக்கு?"

"முடியலப்பா" என்றாள் அக்கா.

அவ்வளவுதான். மாப்பிள்ளை சொன்னதை அவள் அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. வந்தவர்கள் அவளை ஏற்றத்திலேயே பார்த்து முடித்துவிட்டார்கள் என்று அப்பாவுக்குத் தெரியவேயில்லை. சாகும்வரை, தன் மகள் ஒரு நல்ல சம்பந்தத்தைச் சோம்பலால் கெடுத்துவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தார்.

அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. முழங்கால் பூசணி மாதிரி வீங்கியது. அம்மா உப்பு ஒத்தடம் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்று அம்மா சொன்னபோது, அட்டனில் இன்னொரு இடம் பேசிக்கொண்டிருக்கிறேன், அது முடியட்டும் என்றார் அப்பா. அது முடியவில்லை. அதற்கடுத்ததும் முடியவில்லை. கடைசியில் கண்டிக்குக் கொண்டுபோனபோது கால் மடங்க மறுத்துவிட்டது. டாக்டர் சிங்களத்தில் அப்பாவைத் திட்டினார்: இத்தனை மாதம் எங்கே இருந்தீர்கள், இனி இதில் செய்ய ஒன்றுமில்லை, அன்றைக்கு விழுந்தபோதே வந்திருந்தால் இந்த முழங்காலோடு பழைய தொடை எலும்பையும் சேர்த்துச் சரிசெய்திருப்பேனே. அப்பா அக்காவிடம் திரும்பி, "போகப் போகச் சரியாயிரும்ங்கிறாரு" என்றார். அக்காவுக்குச் சிங்களம் அப்பாவைவிட நன்றாகத் தெரியும். "சரிப்பா" என்றாள். அதன் பிறகு அவள் கம்பு இல்லாமல் நடந்ததில்லை.

இரண்டாயிரங்களில் தோட்டத்துப் பிள்ளைகளை ஆசிரியர்களாக எடுத்தார்கள். அக்கா எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே டீச்சர் ஆனாள். அப்பா அவளுக்கு மாப்பிள்ளை தேடுவதை எப்போதோ விட்டிருந்தார். எனக்குத் தேடினார். கொழும்புப் பக்கம் வத்தளையில் ஒரு குடும்பம் அமைந்தது. பெண் பார்க்க வந்த அன்று அக்காவை வேறொரு டீச்சர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். கல்யாணத்தை அவர்கள் ஊரிலேயே வைத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வேன் ஆட்கள் மட்டும். அதில் அக்கா இல்லை. நான் அழுதபோது அவளே சொன்னாள்: "நா வந்தா நாலு பேரு கேப்பாங்க. ஒன்னோட நாள்ல எதுக்குடி? ஒரு ஞாயித்துக்கெழம வந்து ஆற அமரப் பாக்குறேன்."

சொன்னபடி அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்தாள். விடியக்காலை ரயில் பிடித்து, கம்பை ஊன்றிக்கொண்டு, எனக்குப் பிடித்த பால் டொபி செய்து எடுத்துக்கொண்டு. வாசலில் மாமியார் யாரென்று கேட்கும் குரல் கேட்டு எட்டிப் பார்த்தேன். "அக்கா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அக்காவா? ஒத்தப் பொண்ணுன்னுல ஒங்கப்பா சொன்னாரு?"

எனக்கு அப்போதுதான் தெரியும். நான் நின்றேன். அக்கா ஒரு கணம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"இல்லங்கம்மா. நா இவங்க ஊரு ஸ்கூல்ல டீச்சர். அங்க எல்லாப் புள்ளைங்களும் என்னை அக்கான்னுதான் கூப்புடுங்க."

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தாள். என் புருஷனிடம் ஊரைப் பற்றிப் பேசினாள். என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள். என் வாழ்நாளில் அவள் என்னை 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ரயிலுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டாள்.

பஸ் வரை கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் அழுதேன். அவள் அழவில்லை. "அப்பா சொன்னது பொய்யின்னு ஆச்சுன்னா நாளைக்கு ஒன்னையத்தான்டி கேப்பாங்க" என்றாள். பஸ் வந்தது. படியில் முதலில் கம்பை வைத்து, பிறகு காலை வைத்து ஏறினாள்.

வீட்டுக்குத் திரும்பி நேராக மாமியாரிடம் போனேன். வந்தது என் கூடப்பிறந்த அக்கா என்றேன். அப்பா பொய் சொல்லிவிட்டார் என்றேன். மாமியார் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தெரியும். ரெண்டு பேருக்கும் ஒரே மொகம், தெரியாமலா? அந்தப் புள்ளயே டீச்சருன்னு சொல்லிருச்சு. எனக்கு இன்னும் ரெண்டு பொண்ணு கட்டிக்குடுக்க இருக்கு. அது அப்புடியே இருக்கட்டும். இனிமே வந்தாலும் டீச்சராவே வந்துட்டுப் போகட்டும்."

அக்கா வந்தாள். வருடத்துக்கு ஒரு முறை, இரண்டு முறை வருவாள். என் பிள்ளைகள் பிறந்தபோது வந்தாள், அவர்களுக்குச் சிலேட்டில் கைபிடித்து எழுதவைத்தாள். இரண்டு பேரும் அவள்மேல் உயிராக இருக்கிறார்கள். இன்றைக்கும் அவளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.